ஒரே அளவு உலோகம், ஏழு விதமான லாபம்

2019-20-இல் நால்கோ வார்த்த அலுமினியம் 4.18 லட்சம் டன். அந்த ஆண்டு லாபம் 138 கோடி ரூபாய். 2024-25-இல் வார்த்தது 4.60 லட்சம் டன் அளவில். லாபம் 5,325 கோடி. உலோகம் நூற்றுக்குப் பத்துதான் கூடியிருக்கிறது. லாபம் 38 மடங்காகிவிட்டது.

ஒன்றிய அரசு 51.28 சதவீதம் பங்கு வைத்திருக்கும் நிறுவனம் இது. 1981 ஜனவரியில் தொடங்கி, புவனேஸ்வரத்தைத் தலைமையிடமாகக் கொண்டது. ஏழு ஆண்டு வரவையும் லாபத்தையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிப் பார்த்தேன். வருவாயைத் தோராயமாக முழுமையாக்கியிருக்கிறேன். லாபம் வரி போக நின்றது, நிறுவனத்தின் தனிக் கணக்குப்படி.

2018-19: வருவாய் 11,500 கோடி, லாபம் 1,732 கோடி
2019-20: வருவாய் 8,470 கோடி, லாபம் 138 கோடி
2020-21: வருவாய் 8,950 கோடி, லாபம் 1,300 கோடி
2021-22: வருவாய் 14,200 கோடி, லாபம் 2,952 கோடி
2022-23: வருவாய் 14,250 கோடி, லாபம் 1,544 கோடி
2023-24: வருவாய் 13,150 கோடி, லாபம் 2,060 கோடி
2024-25: வருவாய் 16,790 கோடி, லாபம் 5,325 கோடி

நூறு ரூபாய்க்கு விற்றால் கையில் நின்றது எவ்வளவு என்று பார்த்தால் 15 ரூபாய், ஒன்றரை ரூபாய், பதினாலரை, இருபத்தொன்று, பதினொன்று, பதினாறு, முப்பத்திரண்டு. இந்த ஏழு ஆண்டிலும் அலுமினிய உற்பத்தி 4.18 லட்சத்துக்கும் 4.63 லட்சத்துக்கும் இடையில்தான் நின்றது. அதே மலை, அதே ஆலை, அதே ஆட்கள். ஆண்டு முடிவு வெளியாகும் நாளில் "லாபம் இரண்டு மடங்கு", "லாபம் பாதியாகச் சரிவு" என்று வரும் தலைப்புகள் நிறுவனம் எப்படி உழைத்தது என்பதைப் பற்றி அநேகமாக ஒன்றும் சொல்வதில்லை. அதைத் தெரிந்துகொள்ள டன் கணக்கையும் செலவுக் கணக்கையும் தனித்தனியாகப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

முதலில் டன் கணக்கு. ஒடிசாவின் கோராபுட் மாவட்டத்தில் கடல் மட்டத்திலிருந்து ஆயிரம் மீட்டருக்கு மேல் உயர்ந்து தட்டையாகப் படுத்திருக்கிறது பஞ்ச்பட்மாலி மலை. அங்கே பாக்சைட் வெட்டுகிறார்கள். 14.6 கிலோமீட்டர் நீளமுள்ள ஒரே கன்வேயர் பட்டை அதை மலையிலிருந்து தாமன்ஜோடி சுத்திகரிப்பு ஆலைக்கு இறக்குகிறது. தாமன்ஜோடியில் பாக்சைட்டைக் காஸ்டிக் சோடாவில் வேகவைத்து அலுமினா என்ற வெள்ளைத் தூளை எடுக்கிறார்கள். அந்தத் தூளில் ஒரு பங்கு ரயிலில் அங்குல் உருக்காலைக்குப் போகிறது, மீதி விற்பனைக்குப் போகிறது. 2021-22-இல் வெட்டிய பாக்சைட் 75.11 லட்சம் டன், எடுத்த அலுமினா 21.17 லட்சம் டன். வகுத்துப் பார்த்தால் ஒரு டன் தூளுக்கு மூன்றரை டன் மண்.

அங்குல் உருக்காலையில் 960 தொட்டிகள் இருக்கின்றன. ஆலைக்காரர்கள் தொட்டியை 'பாட்' என்பார்கள், வரிசையை 'பாட்லைன்' என்பார்கள். ஒரு வரிசைக்கு 240 வீதம் நான்கு வரிசை. இந்தக் கணக்கு முழுக்கவும் ஒரே ஒரு பாட்டில் ஒரே ஒரு நாளில் அடங்கிவிடும் என்பதால் அதை மட்டும் நெருங்கிப் பார்ப்போம்.

இரும்பு ஓடு, உள்ளே செங்கலும் கரியும் வேய்ந்த தொட்டி. அதில் கிரையோலைட் என்ற உப்பு 960 டிகிரி வெப்பத்தில் உருகிக் கிடக்கிறது. மேலே புறணி கட்டியிருக்கிறது, அதை அவ்வப்போது குத்தி உடைத்து அலுமினாவை உள்ளே விடுகிறார்கள். மேலிருந்து கரிக்கட்டைகள் தொங்குகின்றன. 1,80,000 ஆம்பியர் மின்சாரம் அவற்றின் வழியாக இறங்கி, உப்புக் குழம்பைக் கடந்து, தொட்டியின் அடியிலிருந்து அடுத்த தொட்டிக்குப் போகிறது. ஒவ்வொரு தொட்டிக்கும் அழுத்தம் நான்கு வோல்ட்டுக்குச் சற்று மேல்தான். நம் கைப்பேசி மின்கலத்தின் அளவு. ஆனால் ஆம்பியர் அப்படியல்ல. மின்சாரம் அலுமினாவைப் பிரிக்கிறது. ஆக்சிஜன் கரிக்கட்டையைத் தின்று கரியமில வாயுவாகப் போய்விடுகிறது. உலோகம் கனத்தில் கீழே தங்குகிறது.

4.60 லட்சம் டன்னை 960-ஆலும் 365-ஆலும் வகுத்தால் ஒரு பாட் ஒரு நாளில் தருவது 1,313 கிலோ. இதற்கு அது வாங்கிக்கொள்வது: அலுமினா 2,530 கிலோ வாக்கில், கரிக்கட்டை 550 கிலோ வாக்கில், அலுமினியம் ஃபுளோரைடு இருபத்து சொச்சம் கிலோ, மின்சாரம் ஏறத்தாழ 18,400 யூனிட். கடைசி எண்ணை வீட்டுக் கணக்கில் சொன்னால்தான் புரியும். இரண்டு மாதத்துக்கு 200 யூனிட் எரிக்கும் ஒரு தமிழ்நாட்டு வீடு பதினைந்து ஆண்டில் செலவழிக்கும் மின்சாரத்தை ஒரு பாட் ஒரே நாளில் குடித்துவிடுகிறது. அந்த மின்சாரத்தை எடுக்க, யூனிட்டுக்கு முக்கால் கிலோ என்று வைத்தாலும், 14 டன் நிலக்கரி எரிய வேண்டும். அங்குலுக்கு அருகே தால்சேரில் கிடைக்கும் நிலக்கரியில் சாம்பல் அதிகம், நூற்றுக்கு நாற்பது வரை. ஆக, மாலையில் 1.3 டன் வெள்ளி நிற உலோகம் ஒரு பக்கமும் ஐந்தரை டன் சாம்பல் மறுபக்கமும் நிற்கும்.

அதனால்தான் நால்கோ தன் உருக்காலையோடு 1,200 மெகாவாட் அனல் மின்நிலையத்தையும் சேர்த்துக் கட்டியது. 120 மெகாவாட் வீதம் பத்து அலகுகள். அலுமினியம் என்பது திடமாக்கிய மின்சாரம் என்று இந்தத் தொழிலில் இருப்பவர்கள் சொல்வது மிகையில்லை. மின்சாரம் சில மணி நேரம் நின்றுபோனால் குழம்பு இறுகிவிடும். இறுகிய பாட்டைத் திரும்ப உயிர்ப்பிக்க மாதங்களும் கோடிகளும் ஆகும்.

எனவே 4.60 லட்சம் என்ற எண்ணைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. உருக்காலையின் முழுத்திறன் அதுதான். அதை முதன்முறையாக முழுசாக எட்டியது 2021-22-இல். அதற்குச் சில ஆண்டு முன்னால் நிலைமை வேறு. 2013-14-இல் உற்பத்தி 3.16 லட்சம் டன்னுக்கு இறங்கியது, அடுத்த ஆண்டு 3.27 லட்சம். நிலக்கரி போதாமல், விலையும் கட்டாமல், நூற்றுக்கணக்கான பாட்டுகள் அணைந்து கிடந்தன. அங்கிருந்து 3.72, 3.87, 4.26, 4.40 என்று ஒவ்வொரு படியாக ஏறியிருக்கிறார்கள். ஒவ்வொரு படியும் அணைந்த பாட்டுகளை மீண்டும் கட்டி, வேய்ந்து, சூடேற்றி, வரிசையில் சேர்த்த வேலை. லாபத் தலைப்புகளில் இந்த உழைப்புக்கு இடமே கிடைப்பதில்லை என்பது எனக்கு வருத்தமாக இருக்கிறது. உண்மையான ஆண்டுச் சாதனை என்று நான் ஒன்றைச் சுட்ட வேண்டுமென்றால் அந்த ஏற்றத்தைத்தான் சுட்டுவேன்.

இனி விலை. அலுமினியத்தின் விலையை அங்குலில் யாரும் வைப்பதில்லை. லண்டன் உலோகச் சந்தையில் நிர்ணயமாகிறது. டன்னுக்கு ஆண்டுச் சராசரி 2019-20-இல் சுமார் 1,750 டாலர், 2020-21-இல் 1,800, 2021-22-இல் 2,770, 2022-23-இல் 2,490, 2023-24-இல் 2,200, 2024-25-இல் 2,525. நடுவில் ஊரடங்குக் காலமான 2020 ஏப்ரலில் 1,500-க்குக் கீழே கிடந்தது. உக்ரைன் போர் மூண்ட பின் 2022 மார்ச்சில் 4,000 டாலரை ஒரு கணம் தொட்டுவிட்டு இறங்கியது.

நால்கோவின் 4.6 லட்சம் டன்னுக்கு லண்டனில் நூறு டாலர் ஏறினால் 4.6 கோடி டாலர். டாலர் 84 ரூபாய் என்றால் 390 கோடி ரூபாய். இது ஒரு அடிப்படைக் கணக்கு. மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

விலையே எல்லாம் என்றால் லாபம் லண்டன் பின்னாலேயே போக வேண்டும். போகவில்லை. 2021-22-இல் டன் அலுமினியத்தின் லண்டன் விலை ரூபாயில் 2.06 லட்சம் வாக்கில். மறு ஆண்டு டாலர் விலை இறங்கியது, ஆனால் ரூபாயும் சரிந்ததால் ரூபாய்க் கணக்கில் ஏறத்தாழ 2 லட்சம். வித்தியாசம் மிகச் சிறிது. நிறுவனத்தின் வருவாயும் 14,200 கோடியிலேயே நின்றது. ஆனால் லாபம் 2,952-இலிருந்து 1,544-க்கு விழுந்தது. 2023-24-இல் விலை ரூபாயிலும் இறங்கி 1.82 லட்சம் ஆனது, வருவாய் 1,100 கோடி குறைந்தது. ஆனால் லாபம் 516 கோடி கூடியது.

2022-23-இல் வரவு அப்படியே இருக்க லாபம் 1,408 கோடி குறைந்தது என்றால், வரியைச் சேர்த்துப் பார்க்கையில் செலவு 1,850 கோடிக்கு மேல் ஏறியிருக்க வேண்டும். மறு ஆண்டில் வரவு 1,100 கோடி குறைந்தும் லாபம் கூடியதென்றால், வரிக்கு முந்தைய கணக்கில் செலவு ஏறத்தாழ 1,800 கோடி இறங்கியிருக்க வேண்டும். ஒரு தடவை மட்டும் வந்துபோகும் வரவுகளைத் தள்ளினாலும் ஆயிரம் கோடிக்கு மேல் நிற்கும். லண்டன் விலையைக் காட்டிலும் நிலக்கரிக் கிடங்கைத்தான் அந்த இரண்டு ஆண்டில் பார்த்திருக்க வேண்டும்.

ஒரு டன் உலோகத்துக்கு 14,000 யூனிட் என்று வைத்தால், யூனிட்டுக்கு 10 பைசா ஏறினாலே டன்னுக்கு 1,400 ரூபாய். ஆண்டுக்கு 64 கோடி. ஒரு ரூபாய் ஏறினால் 644 கோடி. நிலக்கரியாகச் சொன்னால் ஒரு டன் உலோகத்துக்குப் பத்தரை டன், ஆண்டுக்கு உருக்காலைக்கு மட்டும் 48 லட்சம் டன். நிலக்கரி டன்னுக்கு நூறு ரூபாய் கூடினால் 48 கோடி போய்விடும். 2021 அக்டோபரில் நாடு முழுக்க நிலக்கரித் தட்டுப்பாடு வந்தபோது பொது மின்நிலையங்களுக்குத்தான் முதலில் என்றார்கள். நால்கோ போல் சொந்த மின்நிலையம் வைத்திருக்கும் ஆலைகளுக்கு அளந்துதான் கிடைத்தது. மிச்சத்தை ஏலத்தில், அந்த நேரத்து விலைக்கு வாங்க வேண்டியிருந்தது. போர் வந்ததும் பெட்ரோலியக் கோக், தார்ப் பிசின், உலை எண்ணெய் எல்லாம் சேர்ந்து ஏறின. கரிக்கட்டை செய்வது கோக்கிலும் பிசினிலும்தான். டன் அலுமினாவுக்குச் சுமார் 70 கிலோ காஸ்டிக் சோடா வேண்டும், 21 லட்சம் டன்னுக்கு ஒன்றரை லட்சம் டன். அதன் விலையும் அந்த ஆண்டு சும்மா இருக்கவில்லை.

பிறகு வந்த செலவு இறக்கத்தில் சந்தை தணிந்ததற்கும் பங்கு உண்டு, நிறுவனம் செய்த வேலைக்கும் பங்கு உண்டு. உத்கல்-டி சுரங்கத்தில் 2022-23-இல் நிலக்கரி வெட்டத் தொடங்கினார்கள். அடுத்து உத்கல்-இ. ஒவ்வொன்றும் ஆண்டுக்கு 20 லட்சம் டன் திறனுள்ளவை. இரண்டும் முழு அளவில் ஓடினால் உருக்காலை எரிக்கும் 48 லட்சத்தில் 40 லட்சம் சொந்த நிலக்கரி. காஸ்டிக் சோடாவுக்குக் குஜராத்தின் தஹேஜில் ஒரு கூட்டு ஆலை, அதில் நால்கோவுக்கு 40 சதவீதம். லண்டனை ஒன்றும் செய்ய முடியாத நிறுவனம் தன் அடுப்படியைச் சரிசெய்துகொண்டது. இதைத்தான் நான் நல்ல நிர்வாகம் என்பேன்.

நிலக்கரி கையில் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு நாம் ஒடிசா வரை போக வேண்டியதில்லை. மேட்டூர் மால்கோவைத் தமிழ்நாட்டில் மறந்தவர்கள் குறைவு. சேர்வராயன் மலையிலும் கொல்லிமலையிலும் பாக்சைட் வெட்டி, 1965 முதல் மேட்டூரில் அலுமினியம் வார்த்த ஆலை அது. அளவில் சிறியது. 2008 ஜூலையில் டன்னுக்கு 3,300 டாலர் தாண்டியிருந்த லண்டன் விலை எட்டு மாதத்துக்குள் 1,300-க்குக் கீழே போனது. அந்த ஆண்டு முடிவதற்குள் மேட்டூர் உருக்காலை நின்றுவிட்டது, பிறகு எழவே இல்லை. விலை விழும்போது பெரிய ஆலை லாபத்தை இழக்கும். மின்சாரம் விலை கூடிய சின்ன ஆலை உயிரை இழக்கும்.

2024-25-இன் 5,325 கோடிக்கு வருவோம். லண்டன் அலுமினிய விலை முந்தைய ஆண்டைவிடச் சுமார் 325 டாலர்தான் கூடுதல். நாம் வைத்த கணக்குப்படி அதனால் வருவது 1,300 கோடி வாக்கில். ரூபாய் சரிவையும் சேர்த்தால் கொஞ்சம் கூடும். ஆனால் வருவாய் 3,640 கோடி கூடியிருக்கிறது. மீதி எங்கிருந்து?

வெள்ளைத் தூளிலிருந்து. நால்கோ எடுக்கும் 21 லட்சம் டன் அலுமினாவில் அங்குலுக்குத் தேவை 9 லட்சம் டன்னுக்குள். மீதி 12 லட்சம் டன் விற்பனைக்கு, பெரும்பகுதி விசாகப்பட்டினம் துறைமுகம் வழியே ஏற்றுமதி. அலுமினாவுக்கு நூறு டாலர் ஏறினால் 12 கோடி டாலர், அதாவது ஆயிரம் கோடி ரூபாய். அலுமினியத்துக்கு நூறு டாலர் ஏறினால் 390 கோடி என்று முன்பு பார்த்தோம். பெயரில் அலுமினியம் இருந்தாலும் இந்த நிறுவனத்தின் லாபத்தை அதிகம் ஆட்டுவது அலுமினாதான். ஏற்றம் வந்தால் செலவு கூடுவதில்லை, வந்த தொகை ஏறத்தாழ அப்படியே லாபத்தில் சேர்கிறது.

2023 கடைசியில் அலுமினா டன் 350 டாலரை ஒட்டி இருந்தது. 2024 ஜனவரியில் ஆஸ்திரேலியாவின் குவினானா சுத்திகரிப்பு ஆலையை நிறுத்தப்போவதாக அல்கோவா அறிவித்தது. மார்ச்சில் குவீன்ஸ்லாந்தில் எரிவாயுக் குழாய் ஒன்று வெடித்ததால் ரியோ டின்டோவின் ஆலைகளுக்கு எரிவாயு குறைந்தது. அக்டோபரில் கினி நாட்டில் ஒரு பெரிய சுரங்கத்தின் பாக்சைட் ஏற்றுமதியை நிறுத்தி வைத்தார்கள். டிசம்பரில் விலை 800 டாலரைத் தாண்டியது. இவற்றில் ஒன்றுக்கும் தாமன்ஜோடிக்கும் சம்பந்தம் கிடையாது. 2018-இலும் இதேதான் நடந்தது. பிரேசிலின் அலுனோர்ட் ஆலை பாதித் திறனுக்குக் குறைக்கப்பட்டது, ரஷ்ய அலுமினிய நிறுவனமான ருசால் மீது அமெரிக்கத் தடை வந்தது, அலுமினா 600 டாலரைத் தாண்டியது. 2018-19-இன் 1,732 கோடி அப்படி வந்தது. அலுனோர்ட் திரும்ப முழுத்திறனுக்கு வந்தபின் 2019 கடைசியில் விலை 300-க்குக் கீழே. 2019-20-இன் 138 கோடியும் அப்படித்தான் வந்தது.

இந்த ஏற்ற இறக்கத்தின் மறுமுனையில் நிற்பவரையும் கணக்கில் சேர்க்க வேண்டும். கோவையில் பம்ப் உதிரியும் மோட்டார் உறையும் வார்க்கும் பட்டறைக்காரர் அலுமினியக் கட்டியை டன் கணக்கில் வாங்குகிறார். அவருக்கு 'நால்கோ ரேட்' என்பது காலையில் பார்க்கிற முதல் எண். உள்நாட்டு விலை என்பது லண்டன் விலை, அதன்மேல் கப்பல் கூலி, பிரீமியம், 7.5 சதவீத இறக்குமதித் தீர்வை எல்லாம் சேர்ந்தால் வெளிநாட்டுக் கட்டி இங்கே என்ன விலைக்கு வந்து சேருமோ அதை ஒட்டியே அமைகிறது. அங்குலிலிருந்து லாரியில் வரும் கட்டிக்கும் கடல் கடந்து வந்த கட்டியின் விலை. விலை டன்னுக்கு இரண்டாயிரம் ரூபாய் ஏறினால் நால்கோ அன்றே ஏற்றிவிடும். பட்டறைக்காரர் பம்ப் கம்பெனியிடம் மூன்று மாதத்துக்கு முன் பேசிய விலையில் வார்த்துக் கொடுக்க வேண்டும். அரசு பெரும்பங்கு வைத்திருக்கும் ஒரு நிறுவனம் சிறு வாங்குநர்களுக்கு மூன்று மாத நிலை விலையில் கொஞ்சம் உலோகம் ஒதுக்கினால் குடி முழுகிப் போகாது. 5,325 கோடி லாபத்தில் அது கண்ணுக்கே தெரியாது.

லாபம் எங்கே போயிற்று? 183.66 கோடி பங்குகள், பங்குக்கு 10 ரூபாய் 50 காசு வீதம் ஈவுத்தொகை, மொத்தம் 1,928 கோடி. அதில் அரசுக்கு 989 கோடி. நல்ல ஆண்டில் பங்குதாரருக்குக் கொடுப்பது நியாயம்தான். மீதியைக் கட்டுமானத்துக்கு வைத்துக்கொண்டதும் நியாயம்.

கணக்கில் சரியாக ஏறாத சுமைகளும் உண்டு. ஒரு டன் அலுமினாவுக்கு ஒரு டன்னுக்கு மேல் செம்மண் சேறு மிஞ்சும், காரம் ஏறியது. ஆண்டுக்கு இருபது லட்சம் டன்னுக்குக் குறையாது. அங்குலில் சாம்பலும் ஏறத்தாழ அதே அளவு. சிமென்டுக்கும் செங்கல்லுக்கும் சாலைக்கும் சாம்பல் போகிறது. சேற்றுக்கு இன்னும் நல்ல வழி பிறக்கவில்லை, அணை கட்டித் தேக்கி வைக்கிறார்கள். மலையின் கீழே இருக்கிற ஊர்களுக்கு அந்த அணையின் உறுதிதான் ஆண்டறிக்கை.

இப்போது தாமன்ஜோடியில் ஐந்தாவது பிரிவு எழுந்துகொண்டிருக்கிறது. அதன் திறன் 10 லட்சம் டன் அலுமினா. அங்குலில் 5 லட்சம் டன் புதிய உருக்காலைக்கும் மின்நிலையத்துக்கும் திட்டம் இருக்கிறது. செலவு 30,000 கோடி அளவில், காலம் 2030-ஐ ஒட்டி. 5 லட்சம் டன் உலோகத்துக்கு வேண்டிய அலுமினா ஏறத்தாழ 9.65 லட்சம் டன். ஐந்தாவது பிரிவு தரப்போகும் 10 லட்சத்தோடு கச்சிதமாகப் பொருந்துகிறது. ஆனால் இரண்டும் ஒரே நாளில் வரப்போவதில்லை. தூள் முந்தி வரும், அதை உருக்கும் தொட்டிகள் சில ஆண்டு பிந்தி வரும். அந்த இடைப்பட்ட ஆண்டுகளில் விற்பனைக்கு நிற்கும் அலுமினா 12 லட்சம் டன்னிலிருந்து 22 லட்சமாகும். நூறு டாலருக்கு ஆயிரம் கோடி என்ற கணக்கு 1,850 கோடியாகும், ஏற்றத்திலும் இறக்கத்திலும். 2024 டிசம்பரில் 800 தாண்டிய அலுமினா 2025 ஏப்ரலிலேயே 400 டாலருக்குக் கீழே வந்துவிட்டது.